வெள்ளைத் தாளில் ஒரு வெள்ளைப் புள்ளி

கண்டக்டர் கத்தினால் நிரம்பி வழிகிற பேருந்தின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். படியில் தொங்குகிறவன் உள்ளே வருவான், தூங்குகிறவன் எழுந்து டிக்கெட்டைத் தேடுவான். பதினாறு வருடம் பழக்கிய தொண்டை அது. கடல் தாண்டி வந்தபோது சீருடையையும் பையையும் டெப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். தொண்டையை ஒப்படைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, உறுப்பு தான அனுமதி அலுவலகத்தின் மூன்றாவது கவுண்டரில் அதை முழுசாக அவிழ்த்துவிட்டாள்.

"இது செல்லாதுன்னா வேற எதுதான்யா செல்லும்? எங்க அம்மா வயித்துல இருந்தே ரசீது வாங்கிட்டு வரணுமா?"

கவுண்டருக்குள் உட்கார்ந்திருந்த வழுக்கைத்தலைக்காரருக்கு அவள் பேச்சு ஒரு சொல்கூடப் புரியாது. அவர் பேச்சும் இவளுக்கு அப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவே மேஜை மேல் ஒரு ஸ்பீக்கர் போன் இருந்தது. எங்கோ தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இருபக்கமும் மொழிபெயர்க்கிற ஒரு பெண் அதற்குள்ளிருந்து பேசினாள்.

"அம்மா, இதை அப்படியே சொல்லணுமா?"

"ஒரு எழுத்து விடாம சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் நாலே வார்த்தையில் எதையோ சொல்லி முடித்தாள். வழுக்கைத்தலைக்காரர் மெதுவாகத் தலையாட்டினார்.

"என்ன சொன்னீங்க?"

"நீங்க வருத்தத்துல இருக்கீங்கன்னு சொன்னேன்."

"வருத்தமா? வயிறு எரியுதுன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா டாக்டரைக் கூப்பிட்டுடுவாங்கம்மா."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். அவளுடைய தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஒரு இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரிக் கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். இடது கையில் ஊசி குத்த இடம் தீர்ந்துபோய் வலது கைக்கு வந்தாகிவிட்டது. அதுவும் ஓய்ந்துகொண்டு வருகிறது, காலம் கடத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடையது பொருந்தும் என்று எல்லாச் சோதனையும் முடிந்து தெரிந்துவிட்டது. வருகிற புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டர்கூட ஒதுக்கியாகிவிட்டது.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இவள் அவனோடு கூடப் பிறந்தவள்தான், யாரோ விலை பேசிக் கூட்டி வந்தவள் இல்லை என்பதற்குச் சாட்சி. இருவரின் பிறப்புச் சான்றிதழும் ஊர் அரசாங்கமே மின்னணு முறையில் சான்றளித்து வரவேண்டும். திங்கட்கிழமை அனுமதி தரும் கமிட்டி கூடுகிறது. வெள்ளி மாலை நாலு மணிக்குள் செல்லுபடியாகும் சான்றிதழ் உள்ளே போகாவிட்டால் அடுத்த கமிட்டி ஏழு வாரம் கழித்து. அவளுடைய விசாவில் பாக்கி இருந்தது ஐந்து வாரம்.

ஞாயிற்றுக்கிழமையே சான்றிதழை அலுவலகத்தின் இணையதளத்தில் ஏற்றியாகிவிட்டது. நேற்று மாலை ஒரு வரியில் பதில் வந்தது: முத்திரை முறிந்துள்ளது, ஆவணம் ஏற்கப்படவில்லை.

அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் முதல் வேலையாக இரண்டு சான்றிதழையும் கடையில் வண்ணத்தில் அச்செடுத்து, கசங்காமல் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வழுக்கைத்தலைக்காரர் அந்தக் காகிதத்தை ஒரே ஒரு விரலால் அவள் பக்கமே தள்ளிவிட்டார். அந்த ஒற்றை விரல்தான் அவளுக்குக் கோபத்தை ஏற்றிவிட்டது.

"காகிதம் எங்களுக்கு வேண்டாம்னு சொல்றார்மா," என்றது போன். "அச்செடுத்தா அது வெறும் படம்தானாம். முத்திரை இருக்கறது கோப்புக்குள்ள. கோப்பைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்கினா, அது உங்க ஊர்ப் பதிவேட்டுல போய்க் கேட்டு, சரியா இருந்தா பச்சை டிக் காட்டும். உங்க தம்பியோடது பச்சைதான், உங்களோடது சிவப்பு காட்டுது."

"எங்க அரசாங்கம் கொடுத்ததுக்கு இவர் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டுமா? அப்போ கோளாறு இவர் கம்ப்யூட்டர்லதானே? கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

இதையும் மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னாளோ, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிஜமாகவே துடைத்துக்கொண்டார். பிறகு திரையை இவள் பக்கம் திருப்பினார்.

"உங்க அரசாங்கம் சரியாத்தான் கொடுத்திருக்குன்னு சொல்றார். அதுக்கப்புறம் யாரோ கோப்பை மாத்தியிருக்காங்க."

கண்டக்டருக்கு உடனே ஒரு முகம் வந்து நின்றது. அவளுடைய வீட்டுக்காரர்.

அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். கோணலாக ஒட்டின தபால்தலையைக் கண்டாலே கை பரபரக்கும். சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். சான்றிதழுக்கு விண்ணப்பித்தது, வாங்கினது, அனுப்பினது எல்லாம் அவர்தான். வெளியே நடைபாதைக்கு வந்து அவரைக் கூப்பிட்டாள்.

"அந்தச் சர்டிபிகேட்டை என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்ணினேன்? அனுப்பினேன்."

"அனுப்பறதுக்கு முன்னாடி? நேரா இல்லைன்னு நேராக்கினீங்களா? ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தீங்களா? ஓரத்தை வெட்டினீங்களா? உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"நான் திறக்கவே இல்லை. அரசாங்கத்துல இருந்து வந்த மெயிலை அப்படியே உனக்குத் தள்ளிவிட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. அங்க என் தம்பி உசிரு ஊசலாடுது, இங்க நான் ஒரு வழுக்கைத்தலைகிட்ட மானம் போக நிக்கறேன், உங்களுக்கு மார்ஜின் முக்கியமாப் போச்சு!"

மறுமுனையில் கடிதங்கள் பெட்டியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கோபம் வந்தால் அவர் பேசுகிற அந்தத் தட்டையான குரலில் சொன்னார்:

"எந்த உறையை எடுத்தாலும் அதுல தேதியும் நேரமும் இருக்கும். கோப்புலயும் இருக்கும். எப்ப மாத்தினதுன்னு முதல்ல கேளு. நான் உனக்கு அனுப்பினது போன வாரம் வியாழக்கிழமை. அதுக்கு முன்னாடின்னு வந்தா எவ்வளவு வேணாலும் திட்டு, வாங்கிக்கறேன்."

வைத்துவிட்டார். அவர் முதலில் போனை வைப்பது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

கண்டக்டர் மறுபடி உள்ளே போனாள். இவளைப் பார்த்ததும் கவுண்டரில் நின்றிருந்தவர் தானாகவே வழி விட்டார். கேட்டாள். வழுக்கைத்தலைக்காரர் இரண்டு மூன்று இடத்தில் தட்டினார், படித்தார், போன் திருப்பிச் சொன்னது.

"மாத்தினது போன ஞாயித்துக்கிழமைம்மா. மத்தியானம் மூணு மணி பன்னிரண்டு நிமிஷம். புத்தகம், பத்திரிகை எல்லாம் வடிவமைப்பாங்களே, அந்த மாதிரி ஒரு மென்பொருள்ல திறந்து சேமிச்சிருக்காங்க."

"என்ன மாத்தியிருக்காங்க? பேரா? தேதியா?"

அவர் பக்கத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஒன்றுமில்லாத வலது கீழ் மூலையைச் சுற்றி ஒரு சின்னச் சிவப்புக் கட்டம் தெரிந்தது. கட்டத்துக்குள்ளும் ஒன்றுமில்லை.

"ஒரு புள்ளி வெச்சிருக்காங்களாம்மா. வெள்ளைக் கலர்ல. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒரு புள்ளி போதுமாம், முத்திரை முறிஞ்சிடும். யாரோ கைதவறி வெச்சிருக்கலாம்னு சொல்றார்."

கண்டக்டர் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தாள். ஆறு வீட்டுக்குப் பொதுவான துணி துவைக்கும் அறை. இவர்கள் முறை ஞாயிறு இரண்டரையிலிருந்து நாலு. தம்பியின் கணினியில் அவள் மெயிலைத் திறந்து வைத்துவிட்டு ஏற்றப் போனபோது, "நீ துணியைப் பாருக்கா, இதை நான் ஏத்திடறேன்" என்று அவன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். தம்பிக்கு வேலை ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி பார்க்கிற கை அவனுக்கு. அந்தக் கை தவறாது.

"இனிமே என்ன பண்ணலாம்னு கேளுங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

வழி இருந்தது. அரசாங்கத்திலிருந்து வந்த மெயில் அழியாமல் இருந்தால், அதிலுள்ள கோப்பை எந்த மென்பொருளிலும் திறக்காமல் அப்படியே இறக்கி, அப்படியே ஏற்றவேண்டும். கவுண்டரில் வாங்க முடியாது. நோயாளியின் கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். ஏற்றும்போது நோயாளியின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைப் போட்டால்தான் சமர்ப்பித்ததாகக் கணக்கு. நாலு மணி தாண்டி ஒரு நிமிடமானாலும் தளம் மூடிக்கொள்ளும்.

"அவர் ஒண்ணு கேக்கறார்மா. யார் மாத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க," என்றாள் கண்டக்டர். "அப்புறம், சத்தம் போட்டதுக்கு... ஒண்ணும் சொல்ல வேண்டாம். விடுங்க."

டயாலிசிஸ் நிலையத்துக்கு இரண்டு பேருந்து மாறவேண்டும். அந்த நாட்டுப் பேருந்தில் கண்டக்டரே கிடையாது. கம்பத்தில் ஒரு மஞ்சள் இயந்திரம், அட்டையைக் காட்டினால் கூவும். வந்த முதல் வாரம் அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு அதை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. ஐந்து நாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஐந்து நாளும் எதிரே உட்கார்ந்து அவள் போட்டதைச் சாப்பிட்டிருக்கிறான். நேற்று மாலை அந்த ஒரு வரி வந்தபோது, "ஆபீஸ்காரங்க அப்படித்தான்கா, விடு, நீ ஊருக்குப் போய்ப் பிள்ளைங்களைப் பாரு" என்று முதுகில் தட்டிக்கொடுத்தான். அவன் உடைந்துபோய்ப் பேசுகிறான் என்று நினைத்து, இவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கட்டின மனுஷனைத் திருடனைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். ஒரு பாவமும் அறியாத வழுக்கைத்தலையிடம் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். நீளமான அறை, பன்னிரண்டு சாய்வு நாற்காலி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம். தம்பி ஜன்னலோரம் ஒன்பதாவதில் இருந்தான். வலது கையிலிருந்து இரண்டு குழாய், ஒன்றில் ரத்தம் போய் இன்னொன்றில் திரும்பிக்கொண்டிருந்தது. இடது கையில் போன். தலைமாட்டில் இருந்த இயந்திரத்தின் திரை இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று காட்டியது.

"வாக்கா. என்ன, ஆபீஸ் இன்னும் நிக்குதா, இடிச்சுத் தள்ளிட்டியா?"

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்ன பண்ணிட்டிருந்தே?"

தம்பி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு மதில், ஒரு குப்பைத்தொட்டி. டிக்கெட் எடுக்காதவன் எவனும் கண்டக்டரைப் பார்க்கமாட்டான், வெளியேதான் பார்ப்பான். பதினாறு வருடத்தில் இதில் ஒரு தடவைகூட அவள் கணக்குத் தப்பியதில்லை.

"இங்கே பாருடா."

"அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டும். வெள்ளைத் தாள்ல வெள்ளைப் புள்ளி. எவ்வளவு மூளை! படிக்க வெச்சதுக்கு நல்ல கைம்மாறு பண்ணினே. நான் கீழ உன் சட்டையைப் பிழிஞ்சிட்டிருக்கேன், நீ மேல உட்கார்ந்து என் கழுத்தைப் பிழிஞ்சிட்டிருந்திருக்கே."

ஒரு நர்ஸ் தூரத்திலிருந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கண்டக்டர் குரலைத் தாழ்த்தினாள். தாழ்ந்த குரலில் அவள் திட்டுவது இன்னும் மோசமாக இருக்கும் என்பது தம்பிக்குத் தெரியும்.

"வேணாம்னா வேணாம்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லியிருக்கணும். திருட்டுத்தனம் என்ன வேண்டிக்கிடக்கு?"

"சொன்னேனே. நீ வந்த அன்னிக்கே சொன்னேன். நீ கேட்டியா?"

"கேக்கலை."

"இன்னொரு தடவை சொல்லியிருந்தா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னடா அப்புறம்? நான் கேக்கமாட்டேன்னா என்னை ஏமாத்திடுவியா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

தம்பி போனைப் போர்வை மேல் வைத்தான்.

"அன்னிக்கு அந்த டாக்டரம்மா உன்கிட்ட ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாங்க இல்ல? என்னென்ன ஆகலாம்னு வரிசையாப் போட்டிருந்துச்சே. நீ படிக்காமக் கையெழுத்துப் போட்டே. நான் படிச்சேன். முழுசாப் படிச்சேன். உனக்கு ரெண்டு பொண்ணுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாமா மூஞ்சியை நான் எப்படிப் பார்க்கறது? அந்தப் பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றது? உங்க அம்மாவைக் கொன்னுதான் நான் நடமாடறேன்னா?"

"படிக்காமப் போட்டேன்னு யார் சொன்னது? அதே தாளை ஊர்லயே நம்ம பாஷையில வாங்கி மூணு தடவை படிச்சாச்சு. உங்க மாமா அடிக்கோடு போட்டு, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுப் படிச்சார். பெரியவ படிச்சா. சின்னவ கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டா. எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் நான் விமானம் ஏறினேன். நாலு பேர் எடுத்த முடிவு அது. அதுக்கு மேல நீ ஒருத்தன், யாரையும் கேக்காம, ஒரு புள்ளி வெச்சே. யாருடா நீ?"

அவன் கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது. கண்டக்டருக்கு இரக்கம் வரவில்லை. வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தன் போனை எடுத்தாள். அரசாங்கத்திலிருந்து வந்த மெயில் அப்படியே இருந்தது. எதையும் திறக்காமல் கோப்பை இறக்கினாள். தம்பியின் கணக்குக்குள் போனாள், கடவுச்சொல் இருவருக்கும் தெரியும். மேலே போகும் நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிந்தது. எண்ணைப் போடவும் என்று ஆறு வெற்றுக் கட்டங்கள் வந்து நின்றன.

போர்வை மேல் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"சொல்லு."

அவன் போனை எடுத்துப் பார்த்தான். நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

"அக்கா, ஏழு வாரம்தானே. யாராவது இறந்தவங்க கிட்னி கிடைக்கலாம். வரிசையில என் பேரு இருக்கு."

"ரெண்டு வருஷமா இருக்கு. கை போயிட்டிருக்கு."

"கிடைச்சாலும் கிடைக்கும்."

"கிடைக்கும் கிடைக்கும்னு எந்த ஸ்டாப்ல நிக்கப்போறே நீ?"

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டங்கள் மங்கிப்போயின. நேரம் கடந்துவிட்டது, புதிய எண் கேட்கவும் என்று வந்தது. அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: மூன்று முறை தவறினால் கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டப்படும். மணி மூன்று இருபத்தைந்து. அவள் மறுபடி கேட்டாள். அவன் போன் மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தான். அதுவும் மங்கியது. மணி மூன்று முப்பத்தெட்டு.

கண்டக்டர் எழுந்து நின்றாள்.

போனை அவன் நெஞ்சிலிருந்து பிடுங்கிவிடலாம். ஒரு கையில் ஊசியோடு கிடக்கிறவன், அவளைத் தடுக்க அவனால் முடியாது. விரல்கூட நீண்டுவிட்டது. அப்புறம் இழுத்துக்கொண்டாள். பிடுங்கினால் அவன் செய்ததையே இவளும் செய்த மாதிரி.

"இதோ பாரு," என்றாள். "இது கடைசித் தடவை. நான் கெஞ்சமாட்டேன். என் கிட்னி, கொடுக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. வேணாங்கறதுக்கு உனக்கும் உரிமை இருக்கு, அதை நான் இல்லேங்கலை. வேணாமா? ஒரு தாள் வாங்கிட்டு வரேன். எனக்கு வேண்டாம்னு உன் கையால பெரிசா, கறுப்பு மையில எழுதிக் கையெழுத்துப் போடு. நான் ராத்திரியே பெட்டியைக் கட்டறேன், இதைப் பத்தி இனி வாயைத் திறக்கமாட்டேன். வேணுமா? நம்பரைச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு. ஆனா என் கண்ணுக்குத் தெரியற மாதிரிச் செய்."

புதிய எண்ணைக் கேட்கும் பொத்தானை அமுக்கினாள். அவன் போன் அதிர்ந்தது.

இயந்திரம் சலசலத்துக்கொண்டிருந்தது. எட்டாவது நாற்காலிக்காரர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தாழ்த்தி, ஒரு சொல்லும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி போனைத் திருப்பினான். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"நாலு," என்றான்.

அவள் நின்றபடியே தட்டினாள்.

"பூஜ்யம். நாலு. ஒன்பது."

தட்டினாள்.

"ஏழு."

நிறுத்திவிட்டான். ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"ஆறாவது?"

"அக்கா, பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டா. வந்த நாள்லேருந்து இருக்கு. நம்பரைச் சொல்லு."

"ரெண்டு."

திரை ஒரு நிமிடம் வெள்ளையாக நின்றது. பிறகு சான்றிதழின் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. பெறப்பட்டது, முத்திரை செல்லும் என்று வந்தது. நேரம் மூன்று நாற்பத்து மூன்று. அவள் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். தம்பி அவள் கையைத் தொட இடது கையை நீட்டினான். அவள் தன் கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. கிட்னி வேற, இது வேற. இதுக்கு நீ வாழ்நாள் பூரா வாங்கிக் கட்டிக்கணும்."

"சரிக்கா."

"என்ன சரி? உங்க மாமாவுக்குப் போனைப் போடு. அந்த மனுஷனை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். புள்ளி வெச்சது யாருன்னு உன் வாயால சொல்லு. என்னை எதிர்ல வெச்சுக்கிட்டே சொல்லு."

தம்பி ஒற்றைக் கட்டைவிரலால் எண்ணைத் தேடினான். ஸ்பீக்கரில் போடு என்று அவள் சைகை காட்டினாள். மறுபுறம் மணி அடிக்க ஆரம்பித்தது.